கார்டைக் கேட்டால் கணக்கு ஏறும்

“சாப்பாடு, ரூம், ஷோ எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம்” என்று டிராவல்ஸ்காரர் சொல்வது உண்மைதான். குடிப்பதற்குக் கிடைப்பவற்றில் எது அடக்கம், எது தனிக்காசு என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் போய்வரும் நம்மூர்க் குடும்பங்கள் பலவும் கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திகைப்பதற்கு இதுதான் காரணம். கொஞ்சம் தெரிந்துகொண்டு ஏறினால் அந்தப் பில் தேவையே இல்லை.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஒரு கார்டு கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், பர்ஸும் அதுதான். இதிலிருந்தே ஒரு எளிய விதி கிடைக்கிறது: அறைக்குள் வைத்திருப்பதைத் தவிர, நீங்கள் கையில் எடுக்கும் பானத்துக்கு யாரும் கார்டைக் கேட்கவில்லை என்றால் அது டிக்கெட்டில் சேர்ந்தது. கார்டைக் கேட்டால், சிரித்த முகத்தோடு கேட்டாலும், உங்கள் கணக்கில் ஏறுகிறது. பானத்தின் விலைக்கு மேல் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் தானாகவே சேரும். சில கம்பெனிகளில் அது 20 சதவீதம்.

பஃபே கூடத்தில் இருக்கும் தண்ணீர், லெமனேட், ஐஸ் டீ, சாதாரண காபி, டீ பேக், பால், ஹாட் சாக்லேட் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ் காலைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அடக்கம். அதே ஜூஸை மத்தியானம் பாரில் கேட்டால் காசு. கண்ணெதிரே பழத்தைப் பிழிந்து கொடுத்தால் காலையிலும் காசுதான். கோக், பெப்ஸி வகையறா, பாட்டில் தண்ணீர், எஸ்பிரெஸோ, கப்புச்சினோ, எனர்ஜி டிரிங்க், மது எதுவும் டிக்கெட்டில் கிடையாது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அறைக்குள் நுழைந்ததும் மேஜைமேல் அழகான பாட்டில் ஒன்று நிற்கும். கழுத்தில் ஒரு சிறிய அட்டை தொங்கும். ஹோட்டல் பழக்கத்தில் அதை வாழ்த்து அட்டை என்று நினைத்து மூடியைத் திருகிவிடுவோம். அது விலை அட்டை. திறக்காமல் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள், குழந்தைகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று பயப்பட வேண்டாம். கடல்நீரைக் கப்பலிலேயே உப்பு நீக்கியும், துறைமுகத்தில் ஏற்றியும் எடுக்கும் தண்ணீர், குளோரின் கலந்து சோதித்த பிறகே குழாய்க்கு வருகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி வகுத்துள்ள விதி கறாரானது: தொட்டியில் நிரப்பும்போது குளோரின் 2 பிபிஎம் இருக்க வேண்டும், கப்பலின் கடைக்கோடிக் குழாயிலும் 0.2 பிபிஎம்-க்குக் குறையக் கூடாது. லேசான குளோரின் வாசம் பிடிக்காதவர்கள் பஃபேயில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டால் போதும். வீட்டிலிருந்து காலி பிளாஸ்க் ஒன்று கொண்டுபோங்கள். அதன் வாயை நேரே குழாயில் முட்டவிடாமல், சுத்தமான டம்ளரில் பிடித்து ஊற்றுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே குழாயைப் பயன்படுத்தும் இடத்தில் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவும்.

அடுத்தது காபி. காலையில் ஸ்ட்ராங்கான பால் காபி இல்லாமல் தலைவலிக்கும் என்பவர்களுக்குக் கப்பலின் டிக்காஷன் நீர்த்துப்போனதாகத்தான் தெரியும். கஃபேயிலும் கவனம் தேவை. ஒரே கவுன்டரில் ஃபிளாஸ்க் காபி இலவசமாகவும், பக்கத்து மெஷினில் போடும் லாட்டே காசுக்கும் இருக்கும். எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது, இன்ஸ்டன்ட் காபி சாஷே பத்திருபது பெட்டியில் போட்டுக்கொண்டு, காலையில் பஃபே ஊழியரிடம் சூடான பால் கேளுங்கள். தயங்காமல் கொடுப்பார்கள். எலெக்ட்ரிக் கெட்டில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். தீ அபாயம் என்று ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இனி, நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் தனித்தனியாகக் காசு கொடுக்காமல் குடிக்கலாம் என்னும் டிரிங்க்ஸ் பேக்கேஜ். ஏறும் இடத்திலேயே மேஜை போட்டு விற்பார்கள். கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். உதாரணமாக மது பேக்கேஜ் ஒரு நாளுக்கு 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் சேர்த்தால் 82.60 டாலர். ஒரு காக்டெயில் 14 டாலர் என்றால் அதே சார்ஜோடு 16.52. ஆக, தினமும் ஐந்து காக்டெயில் குடித்தால்தான் போட்ட பணம் கைக்கு வரும். புக்கெட்டில் இறங்கி நாள் முழுக்கச் சுற்றும் அன்றும் இதே ஐந்துதான். பேக்கேஜைப் பயண நாட்கள் முழுமைக்கும்தான் தருவார்கள், ஒரு நாளுக்கு மட்டும் வாங்க முடியாது. அதோடு ஒரே அறையில் ஒரு பெரியவர் மது பேக்கேஜ் எடுத்தால் மற்றப் பெரியவர்களும் எடுக்க வேண்டும் என்பது ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய இரண்டு கப்பல் கம்பெனிகளிலும் உள்ள விதி. கணவர் மட்டும் குடிப்பவர், மனைவி தொடமாட்டார் என்றால் செலவு இரட்டிப்பு. காரணம் சொல்லிக் கேட்டால் மனைவிக்கு மதுவில்லாத பேக்கேஜோடு விடுவதும் உண்டு, முன்கூட்டியே போனில் கேளுங்கள். மாலையில் ஒன்றிரண்டு பியரோடு நிறுத்துபவருக்கு பேக்கேஜ் வீண்செலவு என்பதே என் கருத்து.

கார்னிவலில் பேக்கேஜ் வாங்கினாலும் 24 மணி நேரத்தில் 15 மதுபானங்களுக்கு மேல் கிடையாது. நார்வீஜியன் கம்பெனி டிக்கெட்டோடு “இலவச” பார் தருவதாக விளம்பரம் செய்யும், ஆனால் அதற்கான சர்வீஸ் சார்ஜ் என்று ஆளுக்கு ஒரு நாளுக்கு 20 டாலருக்கு மேல் வாங்கிவிடும். இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

எல்லாக் கப்பலும் இப்படி அல்ல. டிஸ்னி கப்பல்களில் சாப்பாட்டு மேஜையிலும் நீச்சல்குளம் பக்கத்து மெஷினிலும் கோலா வகைகள் அடக்கம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். வைக்கிங்கில் மதிய, இரவுச் சாப்பாட்டோடு ஒயினும் பியரும் சேர்ந்தே வரும். ரீஜன்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்றவற்றில் பாரே கட்டணத்துக்குள் அடக்கம், டிக்கெட் விலையும் அதற்கேற்ப எகிறும். நம் நாட்டுக் கடலோரமாக ஓடும் கொர்டீலியாவில் மதுவுக்குத் தனிக்காசு.

வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா? ராயல் கரீபியனில் ஏறும் நாளன்று பெரியவர் ஒருவருக்கு 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் அனுமதி. குளிர்பானமும் ஆளுக்கு 12 கேன் வரை கையோடு எடுத்துப் போகலாம். நார்வீஜியனில் தண்ணீர்கூட வெளியிலிருந்து வரக் கூடாது. விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால் டிக்கெட் போட்டதும் அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஏறிய அன்றே வரவேற்பு மேஜைக்குப் போய், பிள்ளைகளின் கார்டில் எதையும் வாங்க முடியாதபடி முடக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை. பிறகு தினமும் படுக்கப் போகுமுன் கப்பலின் செயலியில் அன்றைய கணக்கைப் பாருங்கள். குடிக்காத பானம் பில்லில் இருந்தால் அன்றிரவே கேட்டால் நீக்கித் தருவார்கள். இறங்கும் நாள் காலையில் அந்த மேஜை முன் நீளமான வரிசை நிற்கும், உங்களுக்கோ விமானம் பிடிக்கிற அவசரம் இருக்கும்.