பழைய பாவ் கடைக்கு மறுபடி போகிறவர்களுக்கு

மலேசியாவில் தஞ்சோங் மாலிமின் யிக் முன் கடை 1926 முதல் பாவ் என்ற, பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த சீனப் பன்னை விற்கிறது. ஹைனான் சீனர் தொடங்கிய கடை. ஆனால் பன்றி இறைச்சி கிடையாது, ஹலால் உணவுதான். அதனால் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே பழைய ரோட்டில் போய்வந்த மலாய்க்காரர்களும் சீனர்களும் தமிழர்களும் அங்கே இறங்கிச் சாப்பிட்டார்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றதும் வண்டிகள் ஊருக்குள் நுழையாமலே ஓடத் தொடங்கின. இப்படிப்பட்ட கடைகளைப் பல வருடம் மறந்திருந்து, ஒருநாள் பிள்ளைகளோடு தேடிப் போகிறவர்கள் முதல் கடியிலேயே “முன்ன மாதிரி இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பதே என் கட்சி. பாவின் ருசியில் மாவுக்கும் பூரணத்துக்கும் எவ்வளவு பங்கோ, ஆவியிலிருந்து இறக்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதற்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது. அந்த நேரக் கணக்கைச் சரிசெய்துகொண்டு போனால்தான் கடை மாறியதா இல்லையா என்று பேசவே முடியும்.

காரணம் மாவுச்சத்தில் இருக்கிறது. பாவுக்குப் புரதம் குறைந்த, வெளுத்த கோதுமை மாவைத்தான் எடுப்பார்கள். வேகும்போது அதன் மாவுச்சத்து நீரை இழுத்து இளகும். ஆறும்போது மறுபடி இறுகும். ரொட்டிக்கு அடுப்புச் சூட்டில் சிவந்த மேல்தோலும் அதன் வாசனையும் இருப்பதால் ஆறிய பிறகும் ஏதோ மிஞ்சுகிறது. பாவ் நூறு டிகிரி ஆவியைத் தாண்டாததால் சிவப்பதில்லை, வறுத்த மணமும் சேர்வதில்லை. மென்மை ஒன்றுதான் அதன் சொத்து. அது போனால் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆறின இட்லியை வைத்து இட்லிக்கடையை எடைபோடுவது எவ்வளவு நியாயமோ அவ்வளவுதான் பிளாஸ்டிக் பையில் முக்கால் மணி நேரம் கிடந்த பாவை வைத்து இந்தக் கடையை எடைபோடுவதும்.

ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது ஆவிப்பெட்டியிலிருந்து தொடங்குங்கள். முதல் நாளே கடைக்குப் போன் செய்து, திறந்திருக்குமா என்பதோடு புதுப் பாவ் எந்த நேரத்தில் இறங்கும் என்றும் கேளுங்கள். தஞ்சோங் மாலிமுக்குக் கொம்யூட்டர் ரயிலே போகிறது. வண்டி நிறுத்தத் தவிக்க வேண்டியதில்லை. கிளைகளோ நெடுஞ்சாலை ஓய்விடக் கடைகளோ வேண்டாம் என்றில்லை. ஆனால் பாவ் வேறிடத்தில் பிடித்து வந்து அங்கே மறுபடி சூடாகியிருக்கலாம். அதைத் தின்றுவிட்டுத் தாய்க்கடையைக் குறை சொல்வது முறையல்ல. மேசையில் உட்கார்ந்தே சாப்பிடுங்கள். குடும்பத்துக்கென்று பத்துப் பன்னிரண்டு மொத்தமாக வாங்கி அடுக்காமல், ஆளுக்கு ஒன்று எடுத்து அது தீர்ந்தபின் அடுத்ததைக் கேளுங்கள்.

சாப்பிடுவதிலும் ஒரு வரிசை வேண்டும். அடியில் ஒட்டிய காகிதத்தை உரித்து, பாவைக் கடிக்காமல் கையால் பிட்டுப் பாருங்கள். நன்றாகப் புளித்து நன்றாக வெந்தது மெல்லிய நாராகப் பிரியும். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈஸ்ட்டைவிட பேக்கிங் பவுடர் வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு பூரணம் படாத ஓரத்தை மட்டும் வாயில் போட்டு மெல்லுங்கள். பழைய புளித்த மாவைக் கொண்டு செய்யும் முறையில் புளிப்பை அடக்கச் சோடா போன்ற காரம் சேர்ப்பார்கள். காரம் குறைந்தால் புளிக்கும், கூடினால் மாவு மஞ்சளாகிக் கசக்கும். இரண்டும் இல்லாமல் லேசான இனிப்பு மட்டும் தெரிந்தால் மாவு பிசைந்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். தோல் அங்கங்கே ஈரமாகக் குழிந்திருந்தால் உலோக மூடியிலிருந்து நீர் சொட்டியிருக்கிறது என்று பொருள். மூங்கில் மூடி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். மாவைப் பார்த்து முடித்த பிறகே கோழிக்கறி, காயா என்னும் தேங்காய்ப் பால் முட்டை ஜாம், சிவப்புப் பயறு என்று பூரணத்துக்கு வாருங்கள். கறி கடைசியில் இருக்கட்டும், ஏனென்றால் மசாலாவுக்குப் பின் மாவின் இனிப்பு நாக்குக்குத் தெரியாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பழைய ருசி என்பது பசியும் பயணமும் அப்பாவின் கையும் சேர்ந்தது, அதை மாவை நாராகப் பிரித்து அளக்க முடியுமா என்பார்கள். முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்த அனுபவத்தை அளக்க முடியாது என்பதால் அதன் பாகங்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. தோல் உரிந்து வந்ததா, கறியில் உருளைக்கிழங்கு கிடந்ததா, தேங்காய்ப் பால் மணந்ததா என்பவை ஞாபகத்தில் தெளிவாகத் தங்கும் விஷயங்கள். போவதற்கு முன் அக்காவிடமும் சித்தப்பாவிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார். இருவரும் ஒத்துப்போகும் இடத்தை நம்பலாம். அளவு விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். சிறுவர் கைக்குப் பெரிதாக இருந்த பாவ் பெரியவர் கைக்குச் சிறிதாகத்தான் தெரியும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: கடைகள் நிஜமாகவே மாறியிருக்கின்றன. இயந்திரத்தில் பிடிக்கிறார்கள், மாவு மாறுகிறது, கொழுப்பு மாறுகிறது, பழைய சமையற்காரர் இல்லை. உண்மைதான். அப்படி மாறியதைக் கண்டுபிடிக்கத்தான் சூடான பாவ் வேண்டும். ஆவி பறக்கும்போதே மாவு கெட்டியாக இருந்தால் நேரத்தின் மேல் பழிபோட வழியில்லை, செய்முறை மாறிவிட்டது. மாவு நன்றாக இருந்து பூரணம் மட்டும் தித்தித்தால் மாற்றம் அங்கே. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். “ருசி போச்சு” என்று ஆரம்பித்தால் பதில் வராது, “தவுக்கே (முதலாளி), முன்பு கறியில் உருளைக்கிழங்கு போடுவீர்கள்தானே?” என்றால் பேச்சு வளரும்.

வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் சூடாகப் பையில் கட்டாமல் ஆறவைத்துக் கட்ட வேண்டும். இரண்டு நாளுக்கு வேண்டுமென்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். மாவுச்சத்து விரைவாக இறுகுவது அந்தக் குளிரில்தான். உறைபெட்டியில் வையுங்கள். சாப்பிடும்போது உருகவிடாமல் அப்படியே இட்லிப் பானையில் ஏற்றி, மூடிக்கு உள்பக்கம் துணி கட்டி, நடுவிலுள்ள பூரணம் சுடும்வரை ஆவி காட்டுங்கள்.