குட்டை மைதானத்தில் எது குறைகிறது?

கேள்வி: எடின்பரோவில் வசிக்கிறோம். சென்ற விடுமுறையில் 9 வயது மகளை நார்த் பெரிக் ஊரிலுள்ள குழந்தைகள் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனோம். எங்கள் மூவரில் யாரும் அதற்கு முன் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. “பிள்ளைகளால் முடியாதென்று தூரத்தைக் குறைத்துச் சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள்” என்றார் என் கணவர். ஆனால் முதல் குழியை முடிக்க அவருக்கு 8 அடி ஆயிற்று, மகளுக்கு 6. சுலபமாக்கிய இடத்தில் பெரியவர் ஏன் திணற வேண்டும்? பெரியவர்கள் குழந்தை இல்லாமல் அங்கே ஆடக் கூடாது என்பதும் வேடிக்கையாக இருந்தது. குட்டை மைதானத்திலேயே பழகினால் பிறகு பெரிய மைதானத்தில் தடுமாற மாட்டாளா?
ஒரு வாசகி, எடின்பரோ

பதில்: உங்கள் கணவருக்கு ஆன அந்த 8 அடிகளிலேயே பதில் இருக்கிறது. அவற்றில் எத்தனை, பந்து கிரீனுக்குப் பக்கத்தில் வந்த பிறகு ஆனவை என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கிரீன் என்பது குழியைச் சுற்றிக் கம்பளம்போல் ஒட்ட வெட்டிய புல்தரை. முதல்முறை மட்டை பிடிக்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறேன். ஓரிரு அடியில் பந்தைக் கிரீன் பக்கம் கொண்டுவந்துவிடுவார்கள். அதன்பிறகு பந்து குழியைத் தாண்டி ஓடும், திருப்பி அடித்தால் இந்தப் பக்கம் ஓடும், மூன்றாவது அடி பாதியிலேயே நின்றுவிடும். அந்த இடத்தில் தோள்வலிமை எதற்கும் உதவாது. அங்கே உங்கள் மகளும் அவள் அப்பாவும் சரிசமம். பயமில்லாமல் உருட்டிவிடுகிறாள் என்பதால் அவள் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம்.

குட்டை என்றால் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோல்ஃபில் ‘பார்’ என்று ஒரு எண் உண்டு. கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிப்பார் என்ற எதிர்பார்ப்பு அது. எந்தக் குழியாக இருந்தாலும் அந்த எண்ணுக்குள் கிரீன்மேல் உருட்டுவதற்கு 2 அடிகள் சேர்ந்திருக்கும். அப்படி உருட்டும் அடிக்குப் ‘பட்’ என்று பெயர். 18 குழிகள் கொண்ட, பார் 72 உள்ள பெரிய மைதானத்தில் 36 அடிகள் பட். அதாவது சரிபாதி. நீங்கள் போனது போன்ற 9 குழி மைதானத்தில் ஒவ்வொரு குழிக்கும் பார் 3 என்றால் மொத்தம் 27. அதில் 18 பட். மூன்றில் இரண்டு பங்கு! தூரத்தைக் குறைக்கும்போது ஆட்டத்திலிருந்து வெளியேறுவது பலம் பேசுகிற பகுதி மட்டுமே. கண்ணும் கையும் பொறுமையும் பேசுகிற பகுதியின் பங்கு கூடிவிடுகிறது.

மற்ற அளவுகளையும் பாருங்கள். குழியின் விட்டம் 4¼ அங்குலம், அதாவது 10.8 சென்டிமீட்டர். உலகப் போட்டிகளுக்கும் பிள்ளைகள் ஆடும் இடங்களுக்கும் வழக்கமாக அதே குழிதான். பந்தும் அதேதான்: எடை 45.93 கிராமுக்கு மேல் போகாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆட்டத்தைச் சுலபமாக்குவதுதான் நோக்கம் என்றால் குழியை அகலமாக்கியிருக்கலாம். 1930களில் அமெரிக்க வீரர் ஜீன் சரசன் அதைத்தான் சொல்லிப் பார்த்தார். 8 அங்குலக் குழி வேண்டுமென்று வாதாடினார். அது நிலைக்கவில்லை. நிலைக்காததில் எனக்கு மகிழ்ச்சிதான். பிள்ளையும் பெரியவரும் சமமாக நிற்கக்கூடிய ஒரே இடம் குழியருகே. அதை ஏன் கெடுக்க வேண்டும்?

அப்படியானால் தூரத்தை மட்டும் ஏன் குறைக்கிறார்கள்? இதற்குக் கோல்ஃபின் இன்னொரு சொல் தெரிய வேண்டும். இந்த ஆட்டத்தில் ‘ஹோல்’ என்றால் தரையிலுள்ள குழி மட்டும் அல்ல. பந்தை முதலில் வைத்து அடிக்கும் ‘டீ’ என்ற மேடையிலிருந்து அந்தக் குழிவரை உள்ள முழுப் பாதைக்கும் அதுவே பெயர். 400 கஜப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம் (கஜம் என்பது மீட்டரைவிடச் சற்றுக் குறைவு). 225 கஜம் அடிக்கும் ஓர் ஆள் இரண்டு அடியில் கிரீனைத் தொட்டுவிடுவார். முதல் அடியை எங்கே விழவைத்தால் இரண்டாவது அடி வசதியாக இருக்கும் என்று அவர் யோசிக்கலாம். கோல்ஃபின் சுவையே அந்த யோசனையில்தான் இருக்கிறது. 90 கஜம் அடிக்கும் பிள்ளைக்கு அதே பாதையில் 5 அடிகள் வேண்டும். முதல் நான்கிலும் யோசிக்க ஒன்றுமில்லை. பந்தை முன்னால் தள்ளு, நட, மறுபடி தள்ளு. அதை ஆட்டம் என்று சொல்வதைவிடச் சுமைதூக்கி நடப்பது என்றே சொல்லலாம். பத்துக் குழிக்குள் பிள்ளை மட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வண்ணத்துப்பூச்சி தேடப் போய்விடும். போவது நியாயம்தான்.

அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் அந்நாட்டுத் தொழில்முறை கோல்ஃபர்களின் சங்கமும் 2011-இல் ‘டீ இட் ஃபார்வர்டு’ என்ற பெயரில் ஒரு பரிந்துரையை வெளியிட்டன. அவரவர் அடிக்கும் தூரத்துக்கு ஏற்ற மைதான நீளம் அதில் இருந்தது. 275 கஜம் அடிப்பவருக்கு 18 குழிக்கு 6,700 முதல் 6,900 கஜம். 100 கஜம் அடிப்பவருக்கு 2,100 முதல் 2,300 கஜம். இரண்டாவது கணக்கில் பாதியை, அதாவது 9 குழிக்கு உரியதை எடுத்தால் 1,050 முதல் 1,150 வரை வரும். அமெரிக்காவின் ஆகஸ்டா நேஷனல் மைதானத்தில் 1958-இல் அமைத்த 9 குழி குட்டை மைதானத்தின் நீளம் 1,060 கஜம்! அது குழந்தைகளுக்காகக் கட்டியது அல்ல. மாஸ்டர்ஸ் என்ற பெரும் போட்டிக்கு முதல்நாள், 1960 முதல், உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் அங்கே ஒரு சிறு போட்டி ஆடுகிறார்கள். தங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பை தூக்கும் உதவியாளர்களாகக் கூட்டி வருவது அங்கே வழக்கம். 2018-இல் ஜாக் நிக்லாஸுக்கு அவருடைய 15 வயதுப் பேரன் பை தூக்கினான். கடைசிக் குழியில் அவனும் ஒரு பந்து அடித்தான். ஒரே அடியில் பந்து குழிக்குள் போய்விட்டது. மாஸ்டர்ஸ் பட்டத்தை 6 முறை வென்ற தாத்தா கண்கலங்கி நின்றார். 7,000 கஜத்துக்கு மேல் நீளும் பெரிய மைதானத்தில் தாத்தாவும் பேரனும் ஒரே டீயிலிருந்து இப்படி ஆடியிருக்க முடியாது.

குட்டையானது பலவீனர்களுக்கு உரியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அதில் பிள்ளைகள் இல்லை, பெண்கள்தான் இருக்கிறார்கள். 1867-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியது. அவர்களுக்குக் கிடைத்தது பட் அடிக்க மட்டும் பயன்படும், மேடுபள்ளமான ஒரு புல்வெளி. ‘இமாலயா’ என்ற செல்லப்பெயரோடு இன்றும் அது இருக்கிறது. 1890-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற கோல்ஃப் நூலில் வெல்வுட் பிரபு என்பவர் பெண்களுக்கு 70, 80 கஜத்துக்கு மேல் அடி வேண்டாம் என்று எழுதினார். அவர்களுக்கு வலிமை இல்லை என்பது அவருடைய வாதமே அல்ல. மட்டையைத் தோளுக்கு மேல் வீசினால் அந்தக் கால உடையில் பார்க்க நளினமாக இருக்காதாம்! குட்டை மைதானங்களின் தொடக்ககால வரலாற்றில் இந்த எண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் போய்வந்த நார்த் பெரிக் குழந்தைகள் மைதானத்தின் கதையும் 1888-இல் இப்படித்தான் தொடங்குகிறது. பெண்களைத் தடுப்பதற்காகப் போட்ட ஒரு வேலி, பிற்பாடு பிள்ளைகளுக்குப் பொருத்தமான அளவாக அமைந்துவிட்டது. ‘குட்டை என்றால் மட்டம்’ என்ற நினைப்பு மட்டும் அந்த வேலியோடு போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நல்ல குழந்தைகள் மைதானத்தில் தூரம் தவிர இன்னொன்றும் மாறியிருக்கும். அதைப் பார்ப்பவர்கள் குறைவு. கோல்ஃப் பந்து உயரப் பறப்பதற்கு அதன் பின்சுழற்சி காரணம். மட்டை பட்டதும் பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளிப் பந்தை மேலே தாங்குகிறது. மட்டையின் வேகம் குறைந்தால் இந்தத் தாங்கலும் குறையும். ஆகவே பிள்ளை அடித்த பந்து தாழப் பறந்து, தரை தொட்டு, உருண்டு போகும். பெரிய மைதானங்களிலோ கிரீனுக்கு முன்னால் மணற்குழிகளையும் நீரையும் வைத்துக் காப்பது வழக்கம். உயரத்திலிருந்து விழும் பந்துக்கு அது ஒரு சவால். உருண்டு வரும் பந்துக்கு அது மூடிய கதவு. டீயை முன்னால் கொண்டுவந்து போட்டால் மட்டும் பெரிய மைதானம் பிள்ளைகள் மைதானமாகிவிடாது என்று நான் சொல்வது இதனால்தான். அப்பாவின் மட்டையைப் பாதியாக அறுத்துக் கொடுப்பது போன்றது அது. நீளம் குறையும், கனமும் விறைப்பும் அப்படியே இருக்கும். நல்ல குட்டை மைதானத்தில் கிரீனின் முன்வாசல் திறந்திருக்கும். மேடுபள்ளங்கள் இருக்கும், ஓரங்களில் மணல் இருக்கலாம். உருட்டிக் கொண்டுபோக ஒரு வழியும் கட்டாயம் இருக்கும்.

இந்தத் திறந்த வாசல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 2016-இல் டெக்சாஸில், கோல்ஃப் நட்சத்திரம் டைகர் உட்ஸ் வடிவமைத்த 10 குழிக் குட்டை மைதானம் ஒன்றைத் திறந்தார்கள். முதல் பந்தை அடிக்க 11 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்தார்கள். முதல் ஹோலின் தூரம் 81 கஜம். அவன் எடுத்தது பட்டர், கிரீன்மேல் உருட்டுவதற்கான மட்டை. அதை வைத்தே ஓங்கி அடித்தான். பந்து உருண்டு உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. டைகர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். வழியில் ஒரு மணற்குழியோ ஓடையோ குறுக்கே கிடந்திருந்தால் அந்த அடிக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

பெரியவர்கள் தனியாக ஆடக் கூடாது என்ற விதிக்கு வருவோம். நார்த் பெரிக்குக்குப் பக்கத்து ஊரான கலனில் உள்ள 6 குழிக் குழந்தைகள் மைதானத்திலும் இதே விதிதான். வேடிக்கையாகத் தோன்றினாலும் இதை மிக நல்ல விதி என்பேன். கோல்ஃபில் பின்னால் வருபவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்பது முதல் மரியாதை. பெரிய மைதானத்தில் ஒரு பிள்ளை ஆறாவது, ஏழாவது அடிக்குத் தயாராகும்போது பின்னால் நாலு பேர் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். அந்தப் பார்வை பட்டதும் அப்பாவோ அம்மாவோ “பரவாயில்லை கண்ணு, பந்தை எடுத்துக்கோ” என்று சொல்லிவிடுவார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய அடி அந்த எடுத்த பந்தோடு போய்விடும். குழந்தை இருந்தால்தான் அனுமதி என்னும்போது பின்னால் வருபவரும் ஒரு பிள்ளையோடுதான் வருவார். அவருக்கும் அவசரம் இருக்காது. தவிர, அங்கே பிள்ளைதான் பெரியவருக்கு அனுமதிச் சீட்டு. வீட்டில் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும் ஒரு 9 வயதுக்காரிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

பெரிய மைதானத்தில் தடுமாறுவாளா என்ற கவலை வேண்டாம். டைகர் உட்ஸே 4 வயது முதல் பழகியது கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் உள்ள ஹார்ட்வெல் என்ற மைதானத்தில். 18 குழிகளும் பார் 3. அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்த ரூடி டுரான் ஓர் அருமையான காரியம் செய்தார். சிறுவனுக்கென்று தனியாக ஒரு பார் கணக்கிட்டு, அதற்கு ‘டைகர் பார்’ என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு குழிக்கும், அவன் பலத்துக்கு எத்தனை நல்ல அடியில் கிரீனைத் தொட முடியும் என்று பார்த்து, அதோடு 2 பட் சேர்த்துக்கொள்வது. அவ்வளவுதான். அந்த எண்ணைவிடக் குறைவாக முடிக்கும் நாள், 4 வயதுப் பிள்ளைக்கும் வெற்றி நாள். தன் பாரைத் தானே வென்ற பிள்ளைக்கு, மைதானம் பெரிதாகும்போது கணக்கு மாறுமே தவிர ஆட்டம் மாறாது.

உங்கள் மகளுக்கும் இதைச் செய்யலாம். அவளை ஐந்தாறு பந்து அடிக்கச் சொல்லி, அவற்றில் நடுத்தரமானது எத்தனை கஜம் போகிறது என்று காலடியால் அளந்துகொள்ளுங்கள். 70 கஜம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தைகள் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வெஸ்ட் லிங்க்ஸ் என்ற பெரிய மைதானத்தில் 15-ஆவது ஹோலுக்கு ‘ரெடான்’ என்று பெயர். சாய்ந்து கிடக்கும் அதன் கிரீனை உலகெங்கும் நகலெடுத்திருக்கிறார்கள். சுமார் 190 கஜம், பெரியவர்களுக்குப் பார் 3. உங்கள் மகளுக்கு அது மூன்று அடியும் இரண்டு பட்டும். ஒருநாள் அவள் அதை ஆடி 5-இல் முடித்தால், கணக்கு அட்டையில் 5 என்று எழுதி, பக்கத்தில் ‘பார்’ என்றும் எழுதிக் கொடுங்கள்.