பூட்டி வைப்பதா, வாடகைக்கு விடுவதா?

தங்கச்சி, மாப்பிள்ளைக்குக் கோவைக்கு மாற்றலாகிவிட்டது, திருச்சி வீட்டை என்ன செய்யலாம் என்று கேட்டாய். எல்லோரும் உன்னிடம் முதலில் வாடகை எவ்வளவு வரும் என்றுதான் பேசியிருப்பார்கள். நீ அங்கிருந்து ஆரம்பிக்காதே. வாடகைக்கு விட்டால் உன் சமையலறையில் இன்னொருத்தி தாளிப்பாள், நீ பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்த சுவரில் அவள் பிள்ளை கிறுக்கும். அதைக் கேள்விப்பட்டால் உனக்கு ராத்திரி தூக்கம் வருமா? வரும் என்றால் மேலே படி.

பூட்டிய வீடு பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதே. தண்ணீர் புழங்காத பாத்ரூமில் சாக்கடைக் குழாய்க்கு மறைப்பாக நிற்கும் நீர் வற்றிப்போய், அந்த வழியாக நாற்றமும் கரப்பானும் ஏறி வரும். மோட்டார் இறுகிக்கொள்ளும். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போகும். நிலைக்கதவில் கரையான் ஏறினால் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. சொத்து வரி மட்டும் அரையாண்டு தவறாமல் வரும். ஒரு வருஷத்துக்குள் திரும்பி வருவது உறுதி என்றால், மாதம் இரண்டு தரம் திறந்து, பெருக்கி, மோட்டார் போட்டுவிட்டுப் போக நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் பூட்டு. அதற்கு மேல் ஆகும் என்றால், ஆள் குடியிருப்பதுதான் வீட்டுக்கு நல்லது.

இப்போது கணக்கு. மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள். வருஷத்துக்கு 1,44,000 என்று மனசு உடனே போட்டுவிடும். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று பதினொரு மாதத்துக்கே கணக்கிடு: 1,32,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போனால் 1,20,000. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பிளம்பர், எலக்ட்ரீஷியன், மோட்டார் காயில் கட்டுவது என்று இன்னொரு 20,000 எடுத்து வை. கையில் நிற்பது ஒரு லட்சம். வீட்டுக் கடன் தவணையை இந்த வாடகையை நம்பி மட்டும் கட்டலாம் என்று இருந்தால், வீடு காலியாகும் மாதத்தில் திண்டாடிப்போவாய். வாடகை உன் வருமானம், வரிக் கணக்கில் காட்ட வேண்டும். நீ கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவாகத் தருகிறார்கள். ரசீது கேட்பதில்லை.

அட்வான்ஸ் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அது உன் பணம் இல்லை. அதை வாங்கி நகைக் கடனை அடைத்துவிட்டு, காலி செய்பவர்களிடம், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் தருவேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! சட்டியும் பெட்டியுமாக வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அது பெரிய அநியாயம். வாங்கிய அன்றே உன் பெயரில் வங்கியில் டெபாசிட் போடு. எவ்வளவு வாங்கலாம்? பத்து மாத அட்வான்ஸ் பழைய பழக்கம். இப்போதைய சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. மூன்றே போதும். காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதானால் அதை முதலிலேயே எழுதிவிடு. ஐந்து வருஷம் இருந்தவர்களிடம் பிடிக்காதே, அந்தப் பெயின்ட் எப்படியும் அடிக்க வேண்டியதுதான்.

ஒப்பந்தத்தை எழுதாமல் சாவி கொடுக்காதே. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு என்று சொல்பவர்கள் பழைய வழக்கத்தில் பேசுகிறார்கள். ஆன்லைனிலேயே செய்யலாம். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடு. ஃபேன், லைட், குழாய், சாவிகள், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்று சித்தி பயமுறுத்தியிருப்பாள். உன்னை உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டு வாடகை கொடுப்பவர் அப்படிக் கேட்க முடியாது. ஒப்பந்தமும் வங்கி வழியாக வரும் வாடகையும் அதற்குச் சாட்சி. எனக்குப் பயமெல்லாம், சொந்தக்காரர் சும்மா இருந்துகொள்ளட்டும் என்று காகிதம் இல்லாமல் சாவி கொடுப்பதில்தான். கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் வீடு போகும். அவர்களுக்கும் வாடகை பேசி எழுதிக்கொள், முடியாதென்றால் கொடுக்காதே.

ஆள் பார்க்கும்போது என்ன சாதி, என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்காதே, தங்கச்சி. வாடகை ஐந்தாம் தேதி வருமா என்பதற்கு அதில் பதில் இல்லை. தனியாக வேலை பார்க்கும் பெண், கணவனை இழந்தவள், முஸ்லிம் குடும்பம் எல்லாம் ஒவ்வொரு டு-லெட் போர்டாக ஏறி இறங்கி அலைகிறார்கள். உன் வாசலிலும் அது நடக்க வேண்டாம். எங்கே வேலை, எத்தனை பேர், இப்போதைய வீட்டை ஏன் விடுகிறார்கள் என்று கேள். பழைய வீட்டுக்காரரிடம் ஒருமுறை பேசு.

கொடுத்த பிறகு அது அவர்கள் வீடு. பார்க்கப் போக வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாடகை தாமதமானாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. மோட்டார் பழுதென்று போன் வந்தால் அன்றைக்கே ஆள் அனுப்ப உள்ளூரில் ஒருவர் வேண்டும். கோவையிலிருந்து நீயே சமாளிக்க முடியாது.

கடைசியாக அந்தப் பின்னறை. அம்மாவின் பாத்திரங்களையும் கல்யாணப் புடவைகளையும் அதில் வைத்துப் பூட்டிவிட்டு மற்றதை வாடகைக்கு விடலாம் என்றாயே, வேண்டாம். பூட்டிய அறைக்கும் சேர்த்து யாரும் முழு வாடகை தர மாட்டார்கள். உள்ளே எலி செத்தாலும் அவர்களுக்குத்தான் அவஸ்தை. ஏதாவது காணோம் என்றால் வீண் சந்தேகம் அவர்கள் மேல் விழும். பித்தளைப் பாத்திரங்களை என் வீட்டுப் பரணில் போடு, இடம் இருக்கிறது. புடவைகளைக் கோவைக்கே எடுத்துப் போ. அறையைக் காலி செய்ய மனசு வரவில்லை என்றால் இந்த வருஷம் போர்டு மாட்டாதே. பூட்டிவிட்டுப் போ, மாதம் இரண்டு தரம் நானே வந்து திறந்து பார்த்துக்கொள்கிறேன்.