டிரிப் ஆகாத குக்கர்

அறந்தாங்கியிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

எலக்ட்ரிக் குக்கரைப் போட்ட ஐந்தாறு நிமிடத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது என்றும், யாரோ சொன்னபடி எர்த் பின்னைக் கழற்றிவிட்டுச் சொருகியதிலிருந்து தொல்லையே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பதற வைத்தது அந்த இரண்டாவது செய்திதான். முதலில் சுவிட்சை அணைத்து, அந்தப் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் குக்கர் 700 வாட். 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். லோடு தாங்காமல் விழ வாய்ப்பில்லை. அதே லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடினால் சமையலறை லைனின் எம்சிபி என்ற சுவிட்ச் விழலாம் (டிரிப் ஆகலாம்), அதுவும் அந்த லைன் மட்டும்தான் போகும். வீடே இருண்டால், விழுவது மெயின் பக்கத்தில் 'டி' எழுத்துப் பொத்தானோடு இருக்கும் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதே அதன் வேலை. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் துண்டித்துவிடும்.

குக்கரில் கசியும் கரண்ட் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போனது, ஆர்சிசிபி கண்டுபிடித்தது. பின்னைக் கழற்றியதும் அந்த வழி அடைபட்டது. கசிவு நிற்கவில்லை, குக்கரின் உடம்பிலேயே நிற்கிறது. அரிசி களைந்த ஈரக்கையோடு, வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் நின்று நீங்கள் தொட்டால் அது உங்கள் வழியாக இறங்கும். அப்போது ஆர்சிசிபி விழுந்தாலும் ஷாக் அடித்த பிறகுதான் விழும். அது பழுதாகிக் கிடந்தால் அந்தக் காவலும் இல்லை.

கசிவு எங்கே? பெரும்பாலும் பொங்கி வழிந்த கஞ்சியில். பாத்திரத்துக்கு அடியில், ஹீட்டர் தட்டின் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ் இருக்கும். அதன் ஓரமாகக் கஞ்சி உள்ளே இறங்கி, ஒயர் முனைகளில் பழுப்புத் தோலாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் அந்தத் தோலே கரண்ட் கடத்தும். இன்னொன்று, ஹீட்டர் குழாய்க்குள் அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. குழாயின் முனை விரிசல் விட்டிருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு முனைகளை அரிக்கும். ஈரம் மட்டும்தான் என்றால், பிளக்கைப் பிடுங்கிய குக்கரை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தாலே சரியாகலாம். ஆனால் சோதித்த பிறகே மறுபடி போடவேண்டும்.

எலக்ட்ரீஷியன் வந்தால் 500 வோல்ட் மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஹீட்டர் தட்டை மாற்றுவதே நல்லது. குக்கர் போடும் அதே மூன்று பின் பாயிண்டில் நல்ல அயர்ன் பாக்ஸ் ஒன்றையும் போட்டுப் பார்க்கட்டும். அதற்கும் விழுந்தால் குற்றம் ஒயரிங்கில். இன்வெர்ட்டர் வைத்தபோது நியூட்ரலை மாற்றிக் கலந்துவிட்ட வீடுகளில் இது சகஜம்.

ஒரு ஆறுதல்: மூன்று பின்னில் போட்டபோது கசிவு இறங்க வழி இருந்திருக்கிறது, ஆர்சிசிபியும் வேலை செய்திருக்கிறது. ஆனாலும் எர்த் குழியை மறந்துவிடாதீர்கள். நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் பாறை, ஆலங்குடிப் பக்கம் செம்புறைக்கல். நம் மாவட்டத்து மண் சித்திரை வெயிலில் காய்ந்துபோனால் எர்த் பலவீனமாகிவிடும். கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் ஆர்சிசிபியை மாற்றவேண்டும்.

குக்கர் சரியாகும்வரை கேஸ் அடுப்பிலேயே சோறு வடியுங்கள். எர்த் பின்னைக் கழற்றச் சொன்னவரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் வேறு வீடுகளிலும் இதையே சொல்லியிருக்கக் கூடும்.

அன்புடன்.