பரிசுக் கூப்பனில் எழுதிய எண், கட்சியின் பட்டியலில்

கேள்வி:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. எந்தக் கட்சிக்காரரிடமும் என் செல்போன் எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ கொடுத்ததில்லை. ஆனால் தேர்தல் பேச்சு தொடங்கியதிலிருந்து ஒரு கட்சியின் செய்திகள் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வந்துகொண்டே இருக்கின்றன. என் பெயர், வாக்குச்சாவடி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கின்றன.

ஒரே ஒரு பிழை. என் பெயரில் ஒரு ‘ழ’ உண்டு. அது ‘ல’ என்று அச்சாகியிருக்கிறது. வாக்காளர் அட்டையில் ‘ழ’ சரியாக இருக்கிறது. இந்தப் பிழையை இதற்கு முன் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் ஆடித் தள்ளுபடியின்போது பரிசுக் கூப்பன் நிரப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தக் கடையிலிருந்து வரும் தீபாவளி வாழ்த்தில் என் பெயர் இப்படித்தான் இருக்கும்.

“டெலீட் பண்ணிட்டுப் போம்மா, இதுக்கெல்லாம் போய் மண்டையை உடைச்சுக்கிட்டு” என்கிறான் என் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் எண் எப்படிப் போனது? இது சட்டப்படி சரியா? நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை

பதில்:

அன்புள்ள அம்மா, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. அழித்துவிட்டால் செய்தி போய்விடும். பட்டியலில் உங்கள் பெயர் இருந்துகொண்டேதான் இருக்கும். நாற்பது பேர் விடைத்தாளைத் திருத்தியவருக்கு எந்தப் பிழை எந்தப் பையனிடமிருந்து எந்தப் பையனுக்குப் போனது என்று தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்திருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் இது ஒன்றே முழுச் சாட்சியம் ஆகிவிடாது. ஆனால் விசாரணையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ‘ல’ காட்டுகிறது.

எண் எப்படிப் போனது?

வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். வரிசைக்கு மூன்றாக, பத்து வரிசையில் முப்பது கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், வாக்காளர் அட்டை எண். இது பொது ஆவணம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையமே இலவசமாகத் தருகிறது. போலி வாக்காளரைக் கண்டுபிடிக்கவும், விட்டுப்போன பெயரைச் சேர்க்கவும் அது வெளியே இருக்கத்தான் வேண்டும். அதில் தவறில்லை.

ஆனால் அந்தக் கட்டத்துக்குள் செல்போன் எண்ணும் கிடையாது, மின்னஞ்சலும் கிடையாது. உங்கள் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வாக்காளர் பட்டியலிலிருந்து வந்தவை. செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் வேறோர் இடத்திலிருந்து, அனேகமாக அந்தக் கூப்பனிலிருந்து, வந்தவை. யாரோ ஒருவர் இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்து, பெயரையும் தெருவையும் ஒப்பிட்டு, ஒன்றாகத் தைத்திருக்கிறார். தைத்தவர் எடுத்துக்கொண்டது கடைப் பட்டியலில் இருந்த பெயரை. அதனால்தான் ‘ழ’ போய் ‘ல’ வந்தது.

இப்படிப் பட்டியல் விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. 2023 மார்ச்சில் சைபராபாத் போலீசார் ஒரு கும்பலைக் கைது செய்தபோது, அவர்களிடம் 16.8 கோடிப் பேரின் விவரங்கள் இருந்ததாக அறிவித்தார்கள். அரசு ஊழியர்கள், மாணவர்கள், கடன் கேட்டு விண்ணப்பித்தவர்கள் என்று 140-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து, கேட்டவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்குபவர் வீட்டுமனை விற்பவரா, மோசடிக்காரரா, கட்சியின் ஐடி விங்கா என்று விற்பவர் கேட்பதில்லை.

வாங்கிய எண்ணோடு தெருவில் விசாரித்த விவரங்களும் சேரும். பூத் கமிட்டிக்காரர் வீட்டுக்கு வீடு போய் சாதி, வேலை, எந்த அரசுத் திட்டத்தில் பணம் வாங்குகிறார்கள், ‘நம்மவரா, அவர்களா, இன்னும் முடிவு செய்யாதவரா’ என்று குறித்துக்கொள்வார். பெங்களூருவில் 2022-ல் ஒரு தொண்டு அமைப்பு, வாக்காளர் விழிப்புணர்வுக்கு என்று மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அதன் ஆட்களை வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் போலவே வீடுகளுக்கு அனுப்பி மக்களின் விவரங்களைச் சேகரித்தது என்ற புகார் எழுந்தது. தேர்தல் ஆணையம் தலையிட்டு இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்ய உத்தரவிட்டது. கதவைத் தட்டியவரை அரசு ஊழியர் என்று நம்பித்தான் மக்கள் பதில் சொன்னார்கள்.

ஒரு கட்சி மட்டும்தான் செய்கிறதா?

உங்களுக்குச் செய்தி அனுப்பிய கட்சி எது என்று நீங்களும் எழுதவில்லை, எனக்கும் அது தேவையில்லை. இந்தப் புகார் ஒரு கட்சியோடு நிற்பதில்லை. புதுச்சேரியில் 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டும் பா.ஜ.க.வின் குறுஞ்செய்தி வருகிறது, அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் அந்தந்த பூத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. கட்சி மறுத்தது, ஆதார் ஆணையமும் தன்னிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது. ஆனாலும் நீதிமன்றம் இதை லேசாக விடவில்லை. தேர்தல் ஆணையம் தீவிரமாக விசாரிக்க வேண்டும் என்றது.

2025 ஜூலையில் தி.மு.க.வின் ‘ஓரணியில் தமிழ்நாடு’ உறுப்பினர் சேர்க்கை பற்றி, வீடு வீடாக வந்து விவரங்களையும் ஓ.டி.பி.யையும் வாங்குகிறார்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. ஆதார் விவரம் எதையும் வாங்கவில்லை என்றது கட்சி. தனிநபர் தகவலின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஓ.டி.பி. பெறுவதற்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

அரசே அனுப்பிய கதையும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலுக்கு நடத்தை விதிகள் மார்ச் 16-ல் அமலுக்கு வந்த பிறகும், பிரதமரின் கடிதத்தோடு ‘விக்சித் பாரத்’ வாட்ஸ்அப் செய்தி மக்களுக்கு வந்துகொண்டிருந்தது. உடனே நிறுத்தும்படி மார்ச் 21-ல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. செய்திகள் முன்பே அனுப்பப்பட்டவை, சில தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்பது அமைச்சகத்தின் விளக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதைத் தொடர்ந்து 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி ‘சம்மதம்’ என்ற ஒரு சொல். எந்தக் காரியத்துக்காகத் தகவலைக் கொடுத்தீர்களோ அந்தக் காரியத்துக்கு மட்டும்தான் அந்தச் சம்மதம் செல்லும். பரிசுக் குலுக்கலுக்குக் கொடுத்த எண், பிரசாரத்துக்குக் கொடுத்த எண் ஆகாது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கவும், அழித்துவிடு என்று சொல்லவும் இந்தச் சட்டம் உரிமை தருகிறது. மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கட்சிகளுக்கென்று தனி விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை.

ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, காலதாமதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாத அவகாசம் தரப்பட்டது. இரண்டு, சட்டப்படி பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே வாக்காளர் பட்டியலில் உள்ள விவரத்துக்கு இதில் பாதுகாப்பு இல்லை. உங்கள் செல்போன் எண்ணுக்கு உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். “எல்லாம் பப்ளிக் டேட்டாதாம்மா” என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல உதவும்.

1909-க்குத் தகவல் கொடுத்துத் தொல்லை அழைப்புகளை நிறுத்தும் ஏற்பாடு வணிக விளம்பரங்களை மனதில் வைத்து உருவானது. வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. வேண்டாத மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

எல்லா நாடுகளும் நமக்கு முன்மாதிரி இல்லை. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு மின்னஞ்சல் சட்டம் வணிகச் செய்திகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்பாம் சட்டம் பதிவு பெற்ற கட்சிகளுக்கு விலக்கே கொடுத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் தங்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2019 ஜூலையில் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சனின் பெயரில் ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி மின்னஞ்சல்களை அனுப்பியது. அவற்றில் 51 மின்னஞ்சல்கள் வேண்டாதவர்களுக்குப் போனதற்காக, 2021-ல் அந்தக் கட்சிக்குத் தகவல் ஆணையர் அலுவலகம் 10,000 பவுண்டு அபராதம் விதித்தது. கர்ப்பிணிகளுக்கும் இளம் தாய்மார்களுக்கும் ஆலோசனை சொல்லும் ‘எம்மாஸ் டைரி’ என்ற சேவையை நடத்திய நிறுவனம், 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை லேபர் கட்சியின் பிரசாரத்துக்காக விற்றது. அதற்கு 2018-ல் 1,40,000 பவுண்டு அபராதம். குழந்தை வளர்ப்புக்காகக் கொடுத்த விவரம் அங்கே வாக்கு கேட்கப் போனது. பரிசுக் கூப்பனில் கொடுத்த விவரம் இங்கே அப்படிப் போயிருக்கலாம். வெறும் 51 மின்னஞ்சலுக்கு ஆளுங்கட்சியைக் கூண்டில் ஏற்ற ஓர் அலுவலகத்துக்குத் துணிவு இருந்தது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில், எதையும் அழிக்காதீர்கள். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடையின் தீபாவளி வாழ்த்தையும் அதே கோப்பில் சேருங்கள். அந்த இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் ‘ல’வுக்குப் பலம்.

அடுத்து, கடைக்கு ஒன்றும் கட்சியின் மாநில அலுவலகத்துக்கு ஒன்றுமாக இரண்டு கடிதங்கள், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில். மூன்று வரி போதும்: “என்னைப் பற்றி உங்களிடம் உள்ள விவரங்கள் என்னென்ன? அவற்றை யாரிடமிருந்து பெற்றீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்? அவற்றை அழித்துவிட்டு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.” பதில் வராமல் போகலாம். ஆனால் இந்தச் சட்டத்தின்படி புகாரை விசாரிக்க வேண்டிய தகவல் பாதுகாப்பு வாரியத்துக்குப் போவதற்கு முன் இவர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. அந்த ஒப்புகை அன்றைக்கு உதவும்.

வாட்ஸ்அப்பில் அந்த எண்ணை ‘ரிப்போர்ட்’ செய்து பிளாக் செய்யுங்கள். குழுக்களில் உங்களை யார் சேர்க்கலாம் என்ற அமைப்பை ‘என் தொடர்புகள்’ என்று மாற்றுங்கள். மகனிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார். மின்னஞ்சலை ஸ்பாம் என்று குறியுங்கள். அறிமுகமில்லாத இணைப்பு எதையும் தொடாதீர்கள்.

நடத்தை விதிகள் அமலில் இருக்கும் காலத்தில் 1950 என்ற எண்ணிலும், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதியிலும், மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும் புகார் தரலாம். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்குத் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றிதழ்க் குழுவிடம் முன்அனுமதி வேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசாரமே கூடாது. அந்த நேரத்தில் வரும் செய்தி வலுவான புகார்.

பில் போடும்போது கடைக்காரர் எண் கேட்டால் “எண் இல்லாமல் போடுங்கள்” என்று சொல்லுங்கள். எண் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. வீட்டு வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள்.

கடைசியாக உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, வாக்குச்சாவடியில் உன் அம்மா ஓட்டுப் போடும் இயந்திரத்தைச் சுற்றி ஓர் அட்டை மறைப்பு வைக்கிறார்கள். யாருக்குப் போட்டார் என்று எவரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. உன் அம்மா எங்கே துணி எடுக்கிறார், எந்த உதவித்தொகை வாங்குகிறார், எந்தப் பக்கம் சாய்வார் என்று முன்கூட்டியே ஒருவர் எழுதி வைத்திருந்தால், அந்த அட்டை எதை மறைக்கும்? அம்மா எழுதப்போகும் இரண்டு கடிதங்களையும் இந்த வாரமே நீயே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்.