நடந்து போகிற தூரத்தில் வீடு பார்

அன்புள்ள மதிக்கு,

அத்தை எழுதுவது. மயிலாப்பூரில் வேலை அமைந்து, வீடு தேடத் தொடங்கிவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். கையில் அடி எண்ணும் கடிகாரம் ஒன்று கட்டியிருக்கிறாயாம். பத்தாயிரம் காட்டாவிட்டால் ராத்திரி ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து கணக்கை நேர்செய்கிறாயாம்.

அந்தப் பத்தாயிரத்தின் பூர்வீகத்தைக் கேள். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானியர்களுக்கு உடம்பைப் பேணும் ஆசை கிளம்பியிருந்த நேரம். அடுத்த ஆண்டே யமாசா என்ற கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. வியாபாரப் பெயராகக் கிளம்பியதுதான் இன்று உன் மணிக்கட்டில் வந்து அதிகாரம் செய்கிறது.

2019-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயின் குழு, சராசரி 72 வயதுள்ள ஏறத்தாழ 17,000 அமெரிக்கப் பெண்களின் அன்றாட நடையை அளந்து பார்த்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500 அடி வரை இறங்கிக்கொண்டே வந்தது, அதற்குமேல் அப்படியே நின்றுவிட்டது. பாட்டிமார் கணக்கு உனக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் பத்தாயிரம் ஒன்றும் வேதவாக்கு இல்லை.

நடையைக் குறைக்கச் சொல்லவில்லை. இன்னும் தூரமாகவே நட என்றுதான் அத்தை சொல்கிறாள். ஆனால் எங்கேயாவது போய்ச் சேர்வதற்காக நட.

உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது, உடற்பயிற்சி என்று ஒன்றைத் தனியாகச் செய்யாதவர்கள்தான். லண்டன் மாடி பஸ்ஸின் டிரைவர்களும் கண்டக்டர்களும்! ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் இவர்களை ஒப்பிட்டு 1953-இல் லான்செட் இதழில் எழுதினார். ஒரே பஸ், ஒரே சம்பள வர்க்கம், ஒரே புகை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் வயது தள்ளி வந்தது, கடுமையும் அவ்வளவில்லை. மனிதர் அதோடு விடவில்லை. தபால்காரர்களையும், நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த தொலைபேசி ஊழியர்களையும் ஒப்பிட்டார். அங்கும் நடந்தவன்தான் தப்பினான். பிறகு பஸ் ஊழியர்களின் சீருடை அளவுப் பட்டியலை வாங்கிப் பார்த்ததில், டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு ஆரம்பத்திலிருந்தே பெரிதாக இருந்தது தெரிந்தது. தன் முடிவைத் தானே உரசிப் பார்க்கும் அந்தக் குணத்துக்காகவே மாரிஸை அத்தைக்குப் பிடிக்கும். இன்னொன்று, அவர் 99 வயது வரை வாழ்ந்தார்.

நம் குடும்பத்தில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு எது? கால் அசையும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினுக்குக் காத்திராமலே இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பின் ஒரு நடை போனால் சர்க்கரை எகிறாமல் இருப்பது அதனால்தான். இதை உன் அப்பாவிடமும் சொல். அக்கா சொன்னால் அவன் கேட்கமாட்டான், மகள் சொன்னால் கேட்பான்.

லண்டனில் சட்டம் படிக்கப் போன காந்தி, மரக்கறி உணவு தேடி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தெருத் தெருவாக அலைந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு செலவைச் சுருக்க நினைத்தபோது, போகவேண்டிய இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து சேரும்படியாக அறை பார்த்துக்கொண்டார். வண்டிக் கூலி மிச்சம், நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடை லாபம். இங்கிலாந்தில் இருந்தவரை பெரும்பாலும் நோயில்லாமல் இருந்ததற்கு இந்த நடையே காரணம் என்றும் சொல்கிறார். 1930-இல், அறுபது வயதில், தண்டி வரை 240 மைலை 24 நாளில் நடந்த கால்கள் அங்கே பழகியவைதான்.

நீ வீடு பார்க்கும்போது இதை மனதில் வை. வாடகை, தண்ணீர், கார் நிறுத்த இடம் எல்லாம் விசாரிப்பாய். ஆபீஸிலிருந்து நடக்க எவ்வளவு நேரம் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்.

திருவல்லிக்கேணிப் பக்கம் வீடு கிடைத்தால் விடாதே. வாரத்தில் சில நாளாவது காமராசர் சாலை வழியாக நடந்து போகலாம். பஸ்ஸில் போகிறவளுக்கு விவேகானந்தர் இல்லம் முகப்பு வளைந்த ஒரு கட்டடம், அவ்வளவுதான். நடந்து போகிறவள் நின்று பார்ப்பாள். ஐஸ் ஹவுஸ் என்று ஏன் பெயர் வந்தது என்று விசாரிப்பாள். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்துவைக்க, 1842-இல் கட்டிய கிடங்கு அது. சென்னை வெயிலில் பாஸ்டன் ஐஸ்! 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அதே கடற்கரையில் கோல் ஊன்றி எட்டி நடக்கிற காந்தி சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-இல் வைத்தார்கள். அந்த முன்காலையும் வேட்டி மடிப்பையும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட முடியுமா?

போய்ச்சேர இடமில்லாத நடையும் உண்டு, மறுக்கவில்லை. டார்வின் தன் வீட்டுக்குப் பின்னால் மணல் பாதை போட்டுச் சுற்றிச் சுற்றி நடந்தபடிதான் யோசிப்பார். எத்தனை சுற்று என்று மனம் அலைபாயாதிருக்க, ஓரத்தில் சில கற்களைக் குவித்துவைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தட்டிவிடுவார். எண்ணும் வேலையைக் கல்லிடம் கொடுத்துவிட்டு அவர் உயிர்களின் தோற்றத்தை யோசித்தார். உன் கடிகாரம் செய்வது இதற்கு நேர்மாறு: சும்மா இருக்கிற மனதுக்கும் எண்ணைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

நம் ஊர்ப்பக்கம் வா. தைப்பூசத்துக்கு முன், நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்குப் போகிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு. அதோடு ஊர் ஊராய்ப் பாதயாத்திரை. விடியுமுன்னே நடை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் எங்காவது மரத்தடி, மாலையில் மறுபடி. முதுகுப் பையில் இரவில் மின்னும் பட்டை ஒட்டியிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் பார்க்க வேண்டும்: பாதத்தில் கொப்புளம், தேங்காய் எண்ணெய் வாசனை, கால் நீட்டி உட்கார்ந்தவர் பக்கத்துக்காரர் தோளைப் பிடித்து எழுந்திருக்கும் அழகு! வழியில் யாரோ சுக்குக் காப்பி கொடுப்பார், யாரோ மோர் ஊற்றுவார். இத்தனை அடி ஆயிற்று என்று அங்கே பேச்சு எழாது. நத்தம் தாண்டியாச்சா, திண்டுக்கல் எவ்வளவு தூரம் என்பதுதான் பேச்சு.

இனி சில்லறை விஷயங்கள். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக நட. எதிரே வருகிற வண்டி கண்ணில் படும். காதில் பாட்டு வேண்டாம், பின்னால் வரும் ஹாரன் கேட்காது. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடு. நாய்கள் உள்ள தெருவானால் ஓடாதே, வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போ. இருட்டின பிறகு கடைகள் திறந்திருக்கும் தெருவாகப் பார்த்துப் போ, சுற்றுவழியானாலும் பரவாயில்லை.

வருகிற தைப்பூசத்துக்குக் காவடியோடு கொஞ்ச தூரமாவது நடக்க ஆசையிருந்தால் கார்த்திகையிலேயே எழுது. லீவு சொல்ல வேண்டுமே! மார்கழி முழுக்கச் சாயங்காலம் நடந்து காலைப் பழக்கிக்கொண்டு வா. வழியிலுள்ள சிங்கம்புணரி வரைக்கும் அத்தையும் கூட வருவாள்.

அன்புடன்,
அத்தை