வழி காட்டும் கற்கள்

நெடுவழி செல்வோர்க்கு ஊக்கம் அளிப்பது, கடந்த தொலைவும் கடக்க வேண்டிய தொலைவும் இவ்வளவு என்னும் தெளிவாகும். இத்தெளிவை நல்கவே நம் முன்னோர் வழியோரங்களில் கல் நட்டனர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் 13-ஆம் நூற்றாண்டினது. நாவல் தாவளம் என்னும் ஊர் 29 காதத் தொலைவில் உள்ளது என்று அஃது அறிவிக்கின்றது. எழுத்தறியாதாரும் உணருமாறு, பெருங்குழிகள் இரண்டும் சிறுகுழிகள் ஒன்பதும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. அளவு எல்லார்க்கும் பொது என்னும் அறம் அக்கல்லில் விளங்குகின்றதன்றோ?

காதம் வழங்கிய நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் மைல் புகுந்தது. ஒரு மைலுக்கு 8 பர்லாங்கு, 1,760 கெஜம், 5,280 அடி. இவ்வெண்களை நினைவிற் கொள்வதே மாணவர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. விடுதலைக்குப் பின், 1956-ஆம் ஆண்டில் எடை, அளவைச் சட்டம் இயற்றப்பெற்றது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. காலப்போக்கில் சாலைக் கற்களிலும் மைலின் இடத்தைக் கிலோமீட்டர் பெற்றது. ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர், கணக்கு எளிதாயிற்று.

ஆயினும், பழகிய அளவை மக்கள் எளிதில் கைவிடுவதில்லை. என் இளமையில் பாட்டனாருடன் செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்திற்குச் சென்றோம். வழிக்கல்லில் 30 என்னும் எண்ணைக் கண்ட அவர், "பதினெட்டு மைலுக்குச் சற்று மிகுந்த வழி முப்பதாக நீண்டுவிட்டதா?" என்று வியந்தார். என் தந்தையார், "வழி நீளவில்லை, அப்பா, அளவுகோல்தான் சிறியதாயிற்று. எட்டுக் கிலோமீட்டர் ஏறத்தாழ ஐந்து மைல்" என்று விளக்கினார். பாட்டனார் முறுவலித்தார். ஆயினும் இறுதிவரை மைலிலேயே பேசினார். கிலோமீட்டர் எழுதிய கல்லை இன்றும் நாம் 'மைல்கல்' என்றே அழைக்கின்றோம் அல்லவா?

பேச்சில் பழமை நிலைப்பதால் தீங்கில்லை. உயிர் காக்கும் வேளையிலோ ஐயமற்ற அளவு வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, செங்கற்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் இடையே இருசக்கர வண்டியில் வந்த ஒருவர் வீழ்ந்து குருதி பெருகக் கிடந்தார். 108-ஐ அழைத்தோம். "எவ்விடம்?" என்று வினவினர். "ஆலமரத்தருகே" என்றார் ஒருவர். "ஊரிலிருந்து இரண்டு மைல்" என்றார் மற்றொருவர். அவ்வழியில் ஆலமரங்கள் பல. எவ்வூரிலிருந்து இரண்டு மைல் என்பதும் விளங்கவில்லை. அப்போது பள்ளிச் சிறுமி ஒருத்தி, கைப்பேசி ஒளியில் அருகிருந்த கல்லைப் படித்தாள். பச்சை முடியுடைய மாநில நெடுஞ்சாலைக் கல்லில் இருந்த கிலோமீட்டர் எண்ணையும், அதற்கப்பால் 200 மீட்டர் இடைவெளியில் நடப்பெற்ற சிறுகல்லின் எண்ணையும் உரைத்தாள். ஊர்தி தடுமாறாது வந்து சேர்ந்தது, உயிர் பிழைத்தது.

மாணவர்களே! வழிக்கற்களைச் சிதைப்பதும், அவற்றின்மேல் சுவரொட்டி ஒட்டுவதும் பிறர் வழியை மறைப்பதாகும். செல்லும் வழியில் நிற்கும் கல்லைப் படித்துப் பழகுங்கள். காதமாயினும் மைலாயினும் கிலோமீட்டராயினும், அளவு மாறலாம். வழி தெரியாதார்க்கு வழி காட்டும் அக்கல்லின் பணி மாறுவதில்லை.